பெப்டைடு மருந்துக்குக் கிருமி பழகாது என்பது உண்மையா?

2 மே 2024, வாசகர் கேள்வி

தவளைத் தோலில் இருக்கும் பெப்டைடுகள் கிருமியின் சவ்வையே ஓட்டை போட்டுக் கொன்றுவிடுமாம். அதனால் இவற்றுக்கு எதிராகக் கிருமியிடம் எதிர்ப்புத்திறன் உருவாகவே முடியாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆய்வகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமாம். அப்படியென்றால் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? கம்பெனிகள் அமுக்கி வைத்திருக்கின்றனவா?

2 மே, இரவு

யாரும் அமுக்கி வைக்கவில்லை. ஆறு வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை இதுதான். சென்னையில் ஒரு ஆய்வகத்தில் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோர்த்த குட்டிப் புரதம், செய்கிறேன், கிருமியின் மேல் போட்டுப் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி மறுபடி செய்கிறேன்.

"எதிர்ப்புத்திறன் உருவாகவே முடியாது" என்பது தப்பு. இதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், காலை எட்டு மணிக்கு ரெசின் ஊறப்போட வேண்டும்.

3 மே, மதியம்

முதலில் தவளை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆப்பிரிக்க நகத் தவளைகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முட்டை எடுக்கத் தவளையின் வயிற்றைக் கீறுவார், தையல் போடுவார், திரும்பத் தொட்டியில் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீர் கலங்கிப்போய் கிருமிகள் நெளியும் தண்ணீர். ஆனாலும் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். வருடக்கணக்காக எல்லோரும் பார்த்த காட்சிதான், ஏன் சீழ் பிடிக்கவில்லை என்று கேட்டவர் அவர். தோலிலிருந்து பெப்டைடைப் பிரித்தெடுத்து 1987ல் வெளியிட்டார். ஹீப்ரு மொழியில் 'மகேன்' என்றால் கேடயம், அதிலிருந்து மகைனின் என்று பெயர் வைத்தார்.

இதில் அவர் முதல் ஆள் இல்லை. 1981லேயே ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழு ஒரு பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபினை எடுத்துவிட்டது. நம் உடம்பிலும் இருக்கின்றன. வெள்ளணுக்களுக்குள் டிஃபென்சின், தோலில் காயம் பட்டால் எல்எல்-37. இப்போது இதைப் படிக்கும் உங்கள் தோலிலும் நாக்கிலும் இவை வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

எப்படிக் கொல்கின்றன? மகைனினில் 22 அமினோ அமிலங்கள். அதில் லைசின் மாதிரி நேர்மின்சுமை உள்ளவை பல. கிருமியின் வெளிப்பரப்பு எதிர்மின்சுமை நிறைந்தது. நம் செல்களின் வெளிப்பக்கக் கொழுப்புகளுக்கு மொத்தத்தில் சுமை கிடையாது, போதாததற்குக் கொலஸ்ட்ரால் வேறு சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆக, பெப்டைடு கிருமியைத் தேடிப்போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் சுழல் படிக்கட்டு மாதிரிச் சுருள்கிறது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரோடு ஒத்துப்போகும் லைசின்கள், மறுபக்கம் முழுக்க எண்ணெயோடு ஒத்துப்போகும் அமினோ அமிலங்கள். எண்ணெய்ப் பக்கம் சவ்வுக்குள் இறங்கினதும் சவ்வு பிய்கிறது, உள்ளே இருக்கும் பொட்டாசியமெல்லாம் வெளியே ஓடுகிறது. நிமிடங்களில் முடிந்துவிடும்.

இவ்வளவு அழகாக இருப்பதால்தான் வீடியோ போடுகிறார்கள். நானும் இந்த அழகில் விழுந்துதான் இந்த வேலைக்கு வந்தேன்.

3 மே, இரவு

திருத்தம். மகைனினில் 23 அமினோ அமிலங்கள். 22 என்பது அதிலிருந்து மாற்றிச் செய்த பெக்சிகனான். தினமும் புழங்கும் எண்ணையே மாற்றி எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பெக்சிகனானின் கதை தனியாக வரும், அது சோகக்கதை.

5 மே

"ஆய்வகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்" என்றார்களே, அதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெப்டைடு செய்வது மணி கோர்ப்பது மாதிரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மணி, கோடிக்கணக்கான கயிறுகளில் ஒரே நேரத்தில் கோர்க்க வேண்டும். 1963ல் அமெரிக்காவில் புரூஸ் மெர்ரிஃபீல்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் அமினோ அமிலத்தை ஒரு பிளாஸ்டிக் மணியில் கட்டிவிடு. பிறகு ஒவ்வொன்றாக அதன்மேல் கோர்த்துக்கொண்டே போ. மிஞ்சியதையெல்லாம் கழுவிக் கீழே விட்டுவிடு, மணி மட்டும் வடிகட்டியில் நிற்கும். அவ்வளவுதான். அதற்கு 1984ல் நோபல் கொடுத்தார்கள். அந்த பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். பந்தலில் எழுத்து வெட்டி ஒட்டுகிறோமே தெர்மாகோல், அதுவும் பாலிஸ்டைரீன்தான்.

கையால் செய்யும்போது இப்படி இருக்கும். அடியில் நுண்துளைக் கண்ணாடி வைத்த ஒரு குழாய். அதில் அந்த பிளாஸ்டிக் மணிகளை, அதாவது ரெசினைப் போட்டால் பார்க்க ரவை மாதிரியே இருக்கும். டிஎம்எஃப் என்ற கரைப்பானில் ஊறவிட்டால் ரவை மாதிரியே உப்பும். சரியாக ஊறாத ரெசினுக்குள் எதுவும் நுழையாது. வரிசையைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கட்ட வேண்டும். நம் செல் முதலிலிருந்து கடைசிக்குக் கட்டும், நாங்கள் தலைகீழ். ஒவ்வொரு அமினோ அமிலமும் தலையில் ஒரு மூடியோடு வரும், அது தன்னோடு தானே கோர்த்துக்கொள்ளாமல் இருக்க. அந்த மூடிக்கு எஃப்மாக் என்று பெயர். அதைக் கழற்ற பைபெரிடின் ஊற்றுவோம். பைபெரிடின் என்ற பெயரே மிளகிலிருந்து வந்தது. மிளகின் காரமான பைபெரினை உடைத்துத்தான் முதலில் இதை எடுத்தார்கள். வாடை என்னவோ மிளகு ரசம் மாதிரி இருக்காது, மீனும் அம்மோனியாவும் கலந்த மாதிரி இருக்கும். மூடி கழன்றதும் கழுவு. அடுத்த அமினோ அமிலத்தைப் போடு, ஒரு மணி நேரம் ஆட்டு, கழுவு. மறுபடி பைபெரிடின்.

ஒவ்வொரு சுற்றிலும் கோர்வை சரியாக விழுந்ததா என்று பார்க்க நான்கைந்து ரெசின் மணிகளை எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு, நின்ஹைட்ரின் முதலான மூன்று கரைசல்களைச் சொட்டுவிட்டு, 110 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குவோம். கைசர் பரிசோதனை என்று பெயர். மணி நீலமானால் இன்னும் காலியாக இருக்கும் முனைகள் மிச்சம், மறுபடி கோர்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. கைரேகை எடுக்கக் காவல்துறை பயன்படுத்தும் அதே நின்ஹைட்ரின்தான். கையுறை போடாமல் தொட்டால் விரல் இரண்டு நாளைக்கு ஊதாவாகவே இருக்கும்.

எல்லாம் கோர்த்து முடித்ததும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலத்தில் இரண்டு மூன்று மணி நேரம். பெப்டைடு மணியிலிருந்து கழன்று விழும். அதைக் குளிர்ந்த ஈதரில் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாகத் திரிந்து இறங்கும், பால் திரிவது மாதிரி. ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். சென்னை மே மாதத்தில் ஏசி நின்றுவிட்டால் அறையின் வெப்பமே அதைத் தாண்டிவிடும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சீறும். அதனால் இந்த மாதங்களில் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வேன்.

கடைசியில் சுத்தம் செய்து உறைய வைத்து உலர்த்தினால் கிடைப்பது இலவம்பஞ்சு மாதிரி ஒரு துளி. குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வார வேலை, எடை சில பத்து மில்லிகிராம்.

6 மே

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு படியும் 99 சதவீதம் சரியாக நடந்தால் போதாதா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 கோர்வை, ஒவ்வொன்றும் 99 சதவீதம் என்றால் கடைசியில் முழு வரிசையாக நிற்பது 80 சதவீதம். 98 என்றால் 64. 95 என்றால் 32 சதவீதம்தான். மீதி எல்லாம் நடுவில் ஓர் அமினோ அமிலம் விட்டுப்போன வரிசைகள். இந்த விட்டுப்போனவை கலவையைப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் அசலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், இரட்டைப் பிள்ளை மாதிரி. பிரிப்பது பெரும்பாடு.

என் இரண்டாம் வருடத்தில் ஒரு கோடை முழுக்க ஒரே பெப்டைடு மூன்று முறை கெட்டுப்போனது. வரிசை சரி, மருந்து சரி, கைசர் சரி. கடைசியில் பார்த்தால் வில்லன் டிஎம்எஃப் பாட்டில். வெயிலில் நாள்பட்டு நின்ற டிஎம்எஃப் மெல்ல உடைந்து டைமெத்தில்அமைன் ஆகும், அது எஃப்மாக் மூடியை நேரம் கெட்ட நேரத்தில் கழற்றிவிடும். ஓர் அமினோ அமிலம் விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழும். மூன்று மாதம் போனது. அன்றிலிருந்து பாட்டிலைத் திறந்ததும் முதலில் மீன் வாடை வருகிறதா என்று பார்ப்பேன், கையால் விசிறித்தான், மூக்கை உள்ளே விட்டு இல்லை.

8 மே

இன்றைக்கு எழுத நினைத்தது வேறு. ஆனால் "நீங்கள் ஏன் இவ்வளவு கோபமாக மறுக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. 2022ல் காலில் சின்னதாக ஒரு கொப்புளம், தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்தது. பத்து நாளில் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. பதினைந்து மருந்துகளின் பெயர், எதிரில் வரிசையாக ஆர், ஆர், ஆர். எந்த மருந்தும் வேலை செய்யாது என்று அர்த்தம். கடைசி வரியில் மட்டும் கோலிஸ்டின், அதற்கு எதிரே ஓர் எண், கிருமியை நிறுத்தத் தேவையான அளவு.

கோலிஸ்டின் ஒரு பெப்டைடு. வட்டமாக வளைந்த பெப்டைடு, வாலில் ஒரு கொழுப்பு அமிலம். 1940களின் இறுதியில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களுக்குப் பிறகு மருத்துவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். வேறு எதுவும் வேலை செய்யாத கிருமிகள் வந்தபிறகு, வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கினார்கள்.

பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏங்கண்ணு, நீ செய்யற மருந்து இதுக்கு ஆகாதா?"

"இன்னும் அது மருந்து ஆகலீங்க பெரியப்பா."

"எப்ப ஆகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோலிஸ்டின் போட்டார்கள், கிருமி அடங்கியது. சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 1.1லிருந்து 2.9க்குப் போனது. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை. யார் மேலும் குறை சொல்வதற்கில்லை, அந்த நிலைமையில் நானும் அதைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

கிருமியைக் கொல்லும் பெப்டைடுகள் நிறைய உண்டு. கொல்லும்போது மனிதனை விட்டுவைக்குமா என்பதுதான் கேள்வி. அந்த ஒன்றில்தான் முப்பது நாற்பது வருடமாக எல்லோரும் தட்டுத் தடுமாறுகிறோம்.

9 மே

கோலிஸ்டினுக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா என்று கேட்டவருக்கு: வந்துவிட்டது. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை. பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற ஜீன். அது கிருமியின் வெளிக்கொழுப்பில் ஒரு ஒட்டுவேலை செய்து எதிர்மின்சுமையைக் குறைத்துவிடும். கோலிஸ்டின் வந்து ஒட்ட இடமில்லை. பயமுறுத்தியது என்னவென்றால் அந்த ஜீன் பிளாஸ்மிடில், அதாவது கிருமிக்குள் தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அப்படியே கைமாற்றிக் கொடுத்துவிடலாம். பன்றி, கோழிகளுக்குத் தீவனத்தில் கோலிஸ்டின் கலந்து வளர்த்ததன் விளைவு. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

பெரியப்பா இப்போது போடுவது எம்சிஆர் செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. நான் போனில் லேப் ஆட்களிடம் "எம்சிஆர் வந்துட்டா அவ்வளவுதான்" என்று பேசுவதைக் கேட்டு, "ஏங்கண்ணு, செருப்பு நல்லாத்தானே இருக்குது" என்றார். அரை மணி நேரம் சிரித்தோம்.

நம் ஊர் கிளெப்சியெல்லாவில் கோலிஸ்டின் எதிர்ப்புக்கு எம்சிஆரை விட அடிக்கடி காரணமாவது எம்ஜிஆர்பி என்ற ஜீன் பழுதாவது. ஆமாம், எம்ஜிஆர்பி. 47 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், அது சரியாக இருக்கும்வரை கிருமி கட்டுப்பாட்டில் இருக்கும், அது கெட்டால் சவ்வை மாற்றிக்கொள்ளும். பெயரைக் கேட்டதும் புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரும் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

11 மே

இப்போது அசல் கேள்விக்கு நேரடிப் பதில்.

"பெப்டைடுக்கு எதிர்ப்பு வருவது அரிது" என்று சொன்னவர்களில் சாஸ்லாஃபே முக்கியமானவர். 2002ல் அப்படி எழுதினார். காரணமும் நியாயமானது. பென்சிலினுக்குச் சில நொதிகள்தான் இலக்கு, அவற்றை மாற்றிக்கொண்டால் கிருமி தப்பிவிடும். சவ்வு முழுவதையுமே மாற்றிக்கொள்வது எளிதா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் பெல் என்ற பரிணாமவியலாளர் இதை ஏற்கவில்லை. சரி, செய்து பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே சோதனையில் இறங்கினார்கள். ஈ.கோலையையும் ஒரு சூடோமோனாஸ் இனத்தையும் பெக்சிகனானில் வளர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார்கள். 600, 700 தலைமுறையில் எதிர்ப்பு வந்துவிட்டது. 2006ல் அந்தக் கட்டுரை வந்தது, ஆசிரியர் பட்டியலில் சாஸ்லாஃபின் பெயரும் இருந்தது.

தான் சொன்னது தவறு என்று காட்டிய சோதனையில் தன் பெயரையே போட்டுக்கொண்ட மனிதர். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இது.

அதைவிடக் கவலை தருவது 2012ல் வந்தது. பெக்சிகனானுக்குப் பழகிய ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, நம் வெள்ளணுக்களின் டிஃபென்சினையும் தாக்குப்பிடித்தது. அதாவது வெளியிலிருந்து நாம் போடும் பெப்டைடு, உள்ளே இருக்கும் நம் சொந்தக் காவலையும் கிருமிக்குப் பழக்கிக் கொடுத்துவிடலாம். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போதும் புது வரிசை எழுதும்போது நம் உடம்பின் பெப்டைடுகளோடு ரொம்ப ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஆகவே என் பதில்: எதிர்ப்பு வரும். பல மருந்துகளை விட மெதுவாக வரலாம். தீவனத்தில் கொட்டினால் மெதுவாக வராது.

14 மே

தட்டில் கொல்வதற்கும் உடம்பில் கொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டும்.

96 குழிகள் உள்ள தட்டில் கிருமியையும் பெப்டைடையும் சேர்த்து வைப்போம். ஒவ்வொரு குழியிலும் பெப்டைடு முந்தையதில் பாதி. மறுநாள் காலையில் வளர்ந்த குழிகளின் அடியில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி கிருமி படிந்திருக்கும். தெளிவாக நிற்கும் கடைசிக் குழியின் அளவுதான் அந்தப் பெப்டைடின் மதிப்பெண், குறைந்தால்தான் நல்லது. முதல் வருடத்தில் எனக்கு எல்லாப் பெப்டைடும் தோற்றன. காரணம் தட்டு. சாதாரணத் தட்டு பாலிஸ்டைரீன். நேர்மின்சுமைப் பெப்டைடுகள் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு கிருமியிடம் போகவே இல்லை. பாலிபுரோப்பிலீன் தட்டு வாங்கியதும் எண்கள் இறங்கின. மெர்ரிஃபீல்டின் மணியில் கைகொடுத்த அதே பாலிஸ்டைரீன் இங்கே காலை வாரியது.

அந்த வருடம் ஒரு 17 அமினோ அமிலப் பெப்டைடு 4 மைக்ரோகிராமில் கிளெப்சியெல்லாவை நிறுத்தியது. லேபில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி சீரம், ரத்தத்தின் தெளிந்த நீர், கலந்து பார்த்தேன். 64லும் நிற்கவில்லை. ரத்தத்தில் உள்ள நொதிகள் நறுக்கித் தள்ளின, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டது.

அப்புறம் ரத்தச் சோதனை. கழுவிய சிவப்பணுக்களோடு பெப்டைடை ஒரு மணி நேரம் வைத்துச் சுழற்றினால், அணுக்கள் முழுசாக இருந்தால் அடியில் சிவப்பாகப் படியும், மேலே தண்ணீர் நிறம். உடைந்திருந்தால் குழாய் முழுக்க மாதுளைச் சாறு. தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டினைப் போட்டால் இப்படித்தான் ஆகும். கிருமியையும் கொல்லும், சிவப்பணுவையும் கொல்லும், வித்தியாசம் தெரியாது அதற்கு.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். முரேபவாடின் என்று ஒன்று, பன்றியின் பெப்டைடை முன்மாதிரியாக வைத்துச் செய்தது. சூடோமோனாஸை மட்டும் குறிபார்த்துக் கொல்லும், மிக அழகான வேலை. ஊசி வடிவத்தின் மூன்றாம் கட்டச் சோதனையை 2019ல் நிறுத்தினார்கள். மறுபடியும் சிறுநீரகம். 2003ல் அனுமதி பெற்ற டாப்டோமைசின் என்ற பெப்டைடு மருந்து நிஜமான வெற்றி, ரத்தத்திலும் தோலிலும் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் நுரையீரலில் இருக்கும் வழவழப்பான கொழுப்புப் படலம் அதைப் பிடித்து முடக்கிவிடும், நிமோனியாவுக்கு ஆகாது.

15 மே

பழைய சோறு போதாதா என்று கேட்டவருக்கு: இல்லை, பழைய சோறு சாப்பிட்டால் இதெல்லாம் சரியாகாது. நீராகாரத்தை நானும் தினமும் குடிக்கிறேன், வயிற்றுக்கு நல்லது, அது வேறு விஷயம். பாலில் வாழும் லாக்டோகாக்கஸ் செய்யும் நைசின் என்ற பெப்டைடு உண்டு, பாலாடைக்கட்டியில் கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். ஆனால் கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமிகளின் வெளிச்சவ்வை அது தாண்டாது. விழுங்கினால் குடல் நொதிகள் புரதத்தோடு புரதமாகச் செரித்துவிடும்.

கேரளத் தவளையிலிருந்தும் ஒரு பெப்டைடு எடுத்தார்களாமே என்று கேட்டதற்கும்: ஆமாம், 2017ல் வந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தார்கள். பெயர் உருமின், உருமி என்ற சுருள்வாளின் பெயரால். ஆனால் அது சில ஃப்ளூ வைரஸ்களை உடைப்பது, பாக்டீரியாவை அல்ல.

19 மே

பெக்சிகனானின் கதையைச் சொல்கிறேன் என்றேன்.

மகைனினை மாற்றிச் செய்த களிம்பு. எதற்கு? சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு. பெரியப்பாவின் புண்ணுக்கேதான். ரத்தத்துக்குள் போக வேண்டாம், மேலே பூசினால் போதும், சீரமும் சிறுநீரகமும் குறுக்கே வராது என்ற புத்திசாலித்தனமான யோசனை. ஓஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், ஏறக்குறைய அதே பலன். 1999ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. பிறகு இன்னொரு கம்பெனி எடுத்து மறுபடி நடத்தியது. மருந்தில்லாத வெறும் களிம்போடு ஒப்பிட்டபோது மேலாக நிற்கவில்லை, 2016ல் முடிந்தது.

நான் இதை 2022ல் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். சோதனையின் அமைப்பை வேறு மாதிரி வைத்திருக்கலாம், எதிர்ப்புள்ள கிருமி இருப்பவர்களை மட்டும் எடுத்திருக்கலாம் என்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் கோபத்தில் பாதி எனக்கானது. கால் புண்ணை நன்றாகக் கழுவி, செத்த சதையை எடுத்து, பாரம் படாமல் வைத்தாலே பாதி ஆறுகிறது, வெறும் களிம்பு போட்டவர்களுக்கும் அந்தக் கவனிப்பு கிடைத்தது. அந்தக் கவனிப்பு பெரியப்பாவுக்கு முதல் பத்து நாள் கிடைத்திருந்தால்? வீட்டில் நான் இருந்தேன். நானும் பார்த்து, சின்னக் கொப்புளம்தானே என்றேன்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010ல் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு ஜீன் ('என்டி' என்றால் நியூ டெல்லி) பற்றி உலகமே பேசிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். அவர் பார்த்த கிருமிகளில் பல சென்னை நோயாளிகளுடையவை. பெயரில் டெல்லி இருந்ததால் பெரிய சண்டை நடந்தது. 2012ல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடிச் 'சென்னைப் பிரகடனம்' போட்டன, 2014 மார்ச்சில் மருந்துச் சீட்டில்லாமல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கக்கூடாது என்ற ஹெச்1 விதி வந்தது. 2019ல் மட்டும் எதிர்ப்புள்ள பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022ல் கணக்கிட்டார்கள். நம் தெருமுனை மருந்துக்கடையில் இன்றைக்கும் "அசித்ரோ மூணு கொடுங்க" என்றால் கிடைக்கிறது.

27 மே

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்போ இதில் பயனே இல்லையா" என்கிறார். இருக்கிறது. இல்லாவிட்டால் காலை ஐந்து மணிக்கு ஈதர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நொதிகள் நறுக்காமல் இருக்க ஒரு வழி, கண்ணாடிப் பிம்பம். இயற்கை எல்-வடிவ அமினோ அமிலங்களைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பிம்பமான டி-வடிவத்தில் கட்டினால் நம் நொதிகளுக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. வலது காலை இடது செருப்பில் விடுகிற மாதிரி. ஆனால் அப்படிக் கட்டினால் கிருமியைக் கொல்லுமா? 1990ல் இதைச் செய்து பார்த்த குழுவில் மெர்ரிஃபீல்டும் இருந்தார். செக்ரோபின், மகைனின், மெலிட்டின் மூன்றையும் முழுக்க டி-வடிவத்தில் செய்தார்கள். அதே அளவு கொன்றன. சவ்வுக்கு இடது வலது முக்கியமில்லை என்று அப்போது தெரிந்தது.

இந்தச் சுருள் எந்தக் கோணத்தில் வளையலாம் என்று காட்டும் படம் கிண்டியில் பிறந்தது. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட படம். மெர்ரிஃபீல்டு மணி கோர்த்த அதே வருடம். டி-வடிவத்துக்கு அந்தப் படத்தை 180 டிகிரி திருப்பிப் பார்க்க வேண்டும், சுருள் எதிர்த்திசையில் சுற்றும். என் மேசைக்கு மேலே அதை ஒட்டி வைத்திருக்கிறேன், இந்த மாதம் தலைகீழாக.

அந்த 17 அமினோ அமிலப் பெப்டைடின் டி-வடிவத்தைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். டி-அமினோ அமிலங்கள் விலை அதிகம், அதனால் ஒவ்வொரு கைசர் சோதனைக்கும் மணிகளை எண்ணித்தான் எடுக்கிறேன். பதினொன்று கோர்த்தாகிவிட்டது. மஞ்சள்.

7 ஜூன்

டி-வடிவம் வந்துவிட்டது. கிளெப்சியெல்லாவை 4 மைக்ரோகிராமில் நிறுத்துகிறது, எல்-வடிவம் மாதிரியே. பாதி சீரத்தில் 16. முன்பு 64லும் நிற்காதது.

ரத்தச் சோதனையில் எல்-வடிவம் சிவந்த அதே குழாயில் இதுவும் சிவந்தது. சவ்வுக்கு இடது வலது தெரியாது என்பது நம் சவ்வுக்கும் பொருந்தும். அதாவது நொதியின் சிக்கல் தீர்ந்தது, சிவப்பணுவின் சிக்கல் அப்படியே.

சிவப்பணுவை உடைப்பது எண்ணெய்ப் பக்கம் ரொம்ப வலுவாக இருப்பதால். அந்தப் பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒன்பதாவது அமினோ அமிலமான லியூசினை எடுத்துவிட்டு லைசினைப் போட்டுப் பார்க்கலாம். கொல்லும் வேகம் கொஞ்சம் குறையும், எவ்வளவு என்று செய்தால்தான் தெரியும்.

நேற்று பெரியப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "ஒண்ணு மாத்துனா போதுமா கண்ணு?" என்றார். "போதாதுங்க பெரியப்பா, ஆனா ஒண்ணொண்ணாத்தான் மாத்த முடியும்" என்றேன். ரெசின் ஊறிக்கொண்டிருக்கிறது.